ஹோர்ட் எப்படி ஜெயித்தது? எங்கள் வாக்கெடுப்பைப் பழுதுபார்த்த கதை

ஆகஸ்ட் மாதக் கடைசி ஞாயிறு. மன்னார்குடி ஹரித்ரா நதிக் கரைக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் அதன் சாப்பாட்டுக் கூடத்தை எங்கள் சதுரங்க வட்டத்துக்குத் தருவார்கள். அன்றைக்குப் பிள்ளைகள் சுவரோரமாக உட்கார்ந்து புளியங்கொட்டையைத் தரையில் உரைத்துக்கொண்டிருந்தார்கள். தாயம் ஆடுவதற்கு அல்ல. ஒரு பக்கம் உரைத்து வெள்ளை தெரியும்படி செய்த ஒவ்வொரு கொட்டையும் ஒரு வெள்ளைச் சிப்பாய். எங்களுக்கு 284 சிப்பாய்கள் குறைந்தன.

மாதக் கடைசி ஞாயிறு எந்த மாற்றுச் சதுரங்கம் ஆடுவது என்று வாக்கெடுப்போம். அந்த மாத வாக்கெடுப்பில் ஜெயித்த ஆட்டம் ஹோர்ட். அதில் வெள்ளைக்கு ராஜா, ராணி எதுவும் கிடையாது. 36 சிப்பாய்கள் மட்டும். கறுப்புக்கு வழக்கமான படை. அத்தனை சிப்பாயையும் வெட்டினால் கறுப்பு ஜெயிக்கும். கறுப்பு ராஜாவுக்கு மேட் வைத்தால் வெள்ளை ஜெயிக்கும். 22 பேர், 11 பலகை, 396 வெள்ளைச் சிப்பாய். எங்களிடம் இருந்த 14 செட்டில் 112.

கொட்டை உரைப்பது பெரிய வேலை இல்லை. எனக்கு உறுத்தியது வேறு. 21 சீட்டில் ஒன்றில்கூட ஹோர்ட் முதலிடத்தில் இல்லை. ஜூன் மாதம் இதே 21 பேரும் அதைக் கடைசியில்தான் எழுதியிருந்தார்கள். யாருக்கும் வேண்டாத ஆட்டம் எப்படி ஜெயித்தது? எண்ணியது நான்தான். நெல் அரவை ஆலையில் கணக்கு எழுதுவது என் வேலை. கூட்டல் தப்பாது என்ற நம்பிக்கை உண்டு. மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன். கூட்டல் சரி.

முதலில் எங்கள் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். மாதத்தில் மூன்று வாரம் வழக்கமான செஸ். கடைசி ஞாயிறு மட்டும் மாற்று ஆட்டம். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். மன்னார்குடியிலிருந்தும் நீடாமங்கலம், வடுவூர் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். பெரியவர்கள் நாலைந்து பேர். நான் வாக்களிப்பதில்லை, ஒற்றைப்படையில் ஆள் மிஞ்சினால் எதிரே உட்காருவேன். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பூவனூர். சிவபெருமான் அரசகுமாரியோடு சதுரங்கம் ஆடி ஜெயித்ததால் சதுரங்க வல்லபநாதர் என்று பெயர் பெற்ற கோயில் அங்கே இருக்கிறது. 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது ஊரெல்லாம் அந்தக் கோயிலைப் பற்றிப் பேசியது. எங்கள் வட்டம் சூடு பிடித்ததும் அந்தச் சமயத்தில்தான்.

பட்டியலில் ஐந்து ஆட்டங்கள். ஒன்று 960. 1996-ல் பாபி பிஷ்ஷர் அறிவித்தது. பின்வரிசைக் காய்களைக் குலுக்கல் முறையில் அடுக்கி ஆடுவது. குலுக்குவதற்கு நாங்கள் தாயக்கட்டை வைத்திருக்கிறோம். ஒரு கட்டைக்கு நான்கு முகம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. பின்வரிசையில் கறுப்புக் கட்டம் நான்கு, வெள்ளைக் கட்டம் நான்கு. ஆகவே ஒரு உருட்டலில் கறுப்புக் கட்டத்து பிஷப், அடுத்த உருட்டலில் வெள்ளைக் கட்டத்து பிஷப். மீதி ஆறு கட்டத்தில் ராணிக்கு லூடோ பகடை. பாக்கி ஐந்தில் இரண்டு குதிரை. அதற்குப் பத்து விதம். கடைசி மூன்று கட்டத்தில் யானை, ராஜா, யானை, ராஜா நடுவில். 4, 4, 6, 10 எல்லாவற்றையும் பெருக்கினால் 960. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இதைத் தானே பெருக்கிப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கத்தினான். அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் இந்தக் கடைசி ஞாயிறு.

இரண்டாவது கிரேஸிஹவுஸ். வெட்டிய காய் நம்முடையதாகிவிடும். பிறகு எப்போது வேண்டுமானாலும், ஒரு நகர்த்தலுக்குப் பதிலாக, காலியான கட்டத்தில் அதை இறக்கலாம். காயின் நிறம் மாற வேண்டும் என்பதால் ஒரு பலகைக்கு இரண்டு செட் தேவை. எங்களுக்கு ஏழு பலகைதான் தேறும். எட்டுப் பேர் காத்திருக்க வேண்டும். மூன்றாவது அட்டாமிக்: வெட்டினால் வெட்டிய காயும், வெட்டுப்பட்ட காயும், சுற்றியுள்ள எட்டுக் கட்டத்தில் சிப்பாய் தவிர மற்றவையும் போய்விடும். நான்காவது ஆன்டிசெஸ், பிள்ளைகள் வாயில் 'கொடுக்கிற ஆட்டம்'. வெட்ட முடிந்தால் வெட்டியே தீர வேண்டும். எல்லாக் காயையும் முதலில் இழந்தவர் ஜெயித்தவர். ஐந்தாவது ஹோர்ட். பட்டியல் ஐந்தாக இருக்கட்டும் என்று நான்தான் சேர்த்தேன்.

வாக்கெடுப்பு எளிமையானது. ஐந்து ஆட்டத்தையும் பிடித்த வரிசையில் எழுத வேண்டும். முதலிடத்துக்கு 4 புள்ளி, அடுத்தடுத்து 3, 2, 1, கடைசிக்கு 0. யாருக்கு அதிகப் புள்ளியோ அது. இதற்கு போர்டா முறை என்று பெயர் என்பதும், ழான் சார்ல் த போர்டா என்ற பிரெஞ்சுக் கடற்படைக்காரர் 1770-லேயே இதை முன்வைத்தார் என்பதும் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டவை. அப்போது எனக்கு இது இயல்பாகத் தோன்றிய கணக்கு, அவ்வளவுதான்.

ஜூனில் நடந்தது இது. சீட்டுகளில் அங்கங்கே சின்ன வித்தியாசங்கள் இருந்தன. கணக்கு தெளிவாக இருக்க மூன்று கட்டாகச் சுருக்கித் தருகிறேன். ஒன்பது பேர்: 960, கிரேஸிஹவுஸ், ஆன்டிசெஸ், அட்டாமிக், ஹோர்ட். எட்டுப் பேர்: கிரேஸிஹவுஸ், 960, அட்டாமிக், ஆன்டிசெஸ், ஹோர்ட். நான்கு பேர்: ஆன்டிசெஸ், 960, அட்டாமிக், கிரேஸிஹவுஸ், ஹோர்ட். கூட்டினால் 960-க்கு 72, கிரேஸிஹவுஸுக்கு 63, ஆன்டிசெஸுக்கு 42, அட்டாமிக்குக்கு 33, ஹோர்டுக்கு 0. எல்லாரும் மனதில் இருப்பதை எழுதினார்கள், 960 ஆடினோம், நல்லபடியாகப் போனது. கணக்குத் தாளைச் சுவரில் ஒட்டினேன்.

அதைப் பார்த்துப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். ஜூலையில் அந்த எட்டுப் பேரும் 960-ஐ இரண்டாவதிலிருந்து கடைசிக்குத் தள்ளி, ஜெயிக்கவே வாய்ப்பில்லாத ஹோர்டை இரண்டாவதில் வைத்தார்கள். 960 ஒரே அடியில் 48-க்கு இறங்கியது. கிரேஸிஹவுஸ் அதே 63. ஜெயித்துவிட்டது. 21 பேரில் 13 பேர் கிரேஸிஹவுஸைவிட 960-ஐ மேலே வைத்திருந்தும் அப்படி.

ஆகஸ்டில் ஒன்பது பேர் அணி பதிலடி கொடுத்தது. 960 முதலில், 'எப்படியும் ஜெயிக்காது' என்று ஹோர்ட் இரண்டாவதில், பிறகு ஆன்டிசெஸ், அட்டாமிக், கடைசியில் கிரேஸிஹவுஸ். எட்டுப் பேரும் ஜூலை மாதிரியே எழுதினார்கள். இப்போது கூட்டுங்கள்: ஹோர்டுக்கு ஒன்பது சீட்டிலும் எட்டுச் சீட்டிலும் மூன்று மூன்று புள்ளி, ஆக 51. 960-க்கு 48, ஆன்டிசெஸுக்கு 42, கிரேஸிஹவுஸுக்கு 36, அட்டாமிக்குக்கு 33. இரண்டு அணியும் ஒன்றை ஒன்று புதைக்கத் தோண்டிய குழியிலிருந்து ஹோர்ட் எழுந்து வந்தது.

எனக்குக் கோபம் வந்தது. கிரேஸிஹவுஸ் அணியில் முன்னால் நின்ற பத்தாம் வகுப்புப் பையனைக் கூப்பிட்டு, ஏன் பொய்யாக எழுதினாய் என்று கேட்டேன். அவன் தலை குனியவில்லை. "சார், பொய் இல்ல சார். உங்க கணக்குல அப்படி எழுதுனாத்தான் எங்க ஆட்டம் வரும். செஸ்ல மட்டும் எதிராளி என்ன செய்வான்னு யோசிக்கச் சொல்றீங்க?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. அவன் சொன்னது நியாயம். வாரா வாரம் இரண்டு நகர்த்தல் முன்னால் யோசிக்கப் பழக்குகிறோம். சீட்டை மட்டும் யோசிக்காமல் எழுது என்றால் எப்படி?

எங்கள் வட்டத்துக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார். கடைமடை விவசாயி; மகள் வீடு மன்னார்குடியில். அன்றைக்கு எல்லாரும் போன பிறகு புளியங்கொட்டையைத் துணிப்பையில் அள்ளிக்கொண்டே சொன்னார்: "தம்பி, யாருக்கு எவ்வளவு நிலம்னு வாயால சொல்லுங்க, சொல்ற அளவுக்குத் தண்ணி விடுறேன்னா, ரெண்டு மா வச்சிருக்கிறவனும் ஒரு வேலின்னுதான் சொல்லுவான். அதுக்கு அவனைத் திட்டி என்ன பண்றது? முறை வச்சு விட்டா எவனும் பொய் சொல்ல மாட்டான். சொல்லி ஒண்ணும் ஆகாதுல்ல."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நான் சரிசெய்ய வேண்டியது பிள்ளைகளை அல்ல, எண்ணும் முறையை. போர்டாவிடமும் இதே குறையைச் சொன்னார்களாம். என் முறை நேர்மையானவர்களுக்கு மட்டும் என்று அவர் பதில் சொன்னதாகக் குறிப்பிடுவார்கள். அந்தப் பதிலோடு நின்றுவிட எனக்கு மனமில்லை. என் எதிரே இருப்பவர்கள் பத்து வயதிலிருந்து பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகள். அவர்களை நேர்மையற்றவர்கள் என்று எப்படிச் சொல்வேன்?

முதல் ஒட்டுவேலை: புள்ளிகளை மாற்றிப் பார்த்தேன். பசிபிக்கில் நவ்ரு என்றொரு சின்னத் தீவு நாடு. அங்கே தேர்தலில் முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு அரை, அடுத்து மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று குறைந்துகொண்டே போகும் புள்ளி. ஆகஸ்ட் சீட்டுகளை அப்படி எண்ணினேன். 960-க்கு 12.6, கிரேஸிஹவுஸுக்கு 10.8, ஹோர்டுக்கு 9.3. ஹோர்ட் காணாமல் போனது, நிம்மதி. ஆனால் ஜூலைச் சீட்டுகளை எண்ணியதும் நிம்மதி போனது. கிரேஸிஹவுஸ் 13.5, 960-க்கு 12.6. ஒரு அணி மட்டும் புதைத்தால் அந்தத் தந்திரம் இன்னும் பலிக்கிறது. தூக்கிப் போட்டேன்.

இரண்டாவது, நம் ஜனாதிபதித் தேர்தல் முறை. முதலிடங்களை மட்டும் எண்ண வேண்டும். பாதிக்கு மேல் யாருக்கும் இல்லையென்றால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அந்தச் சீட்டுகளை அதில் எழுதியுள்ள அடுத்த பெயருக்கு மாற்ற வேண்டும். பிள்ளைகளுக்கு 1969 கதையைச் சொன்னேன். வி.வி. கிரி முதல் எண்ணிக்கையில் 4,01,515 வாக்கு மதிப்பு பெற்றார். வெற்றிக்குத் தேவை 4,18,169. மற்ற வேட்பாளர்களை நீக்கி இரண்டாம் விருப்பங்களைச் சேர்த்த பிறகுதான் 4,20,077 ஆகி, 4,05,427 பெற்ற நீலம் சஞ்சீவ ரெட்டியை வென்றார்.

இந்த முறையில் புதைப்பது செல்லாது. நம் முதல் ஆட்டம் களத்தில் இருக்கும்வரை நம் சீட்டில் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்கவே மாட்டார்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று கட்டுச் சீட்டையும் எண்ணினேன். ஆன்டிசெஸின் நான்கு சீட்டு 960-க்குப் போய், மூன்றிலும் 13-க்கு 8 என்று 960. சரி, பழுது தீர்ந்தது என்று நினைத்தேன். செப்டம்பர் வாக்கெடுப்பும் சண்டையில்லாமல் முடிந்தது.

அக்டோபரில் உடைந்தது. அட்டாமிக் அதற்குள் பிரபலமாகிவிட்டது. வேண்டிய மூன்று ஆட்டத்தை மட்டும் சொல்கிறேன். எட்டுப் பேர்: கிரேஸிஹவுஸ், 960, அட்டாமிக். ஏழு பேர்: அட்டாமிக், 960, கிரேஸிஹவுஸ். ஆறு பேருக்கு 960 முதலில். அவர்களில் நான்கு பேர் அடுத்ததாக அட்டாமிக், இரண்டு பேர் கிரேஸிஹவுஸ். முதலிடம் குறைவாக வாங்கியது 960. அது முதலில் வெளியேறியது. முடிவில் அட்டாமிக் 11, கிரேஸிஹவுஸ் 10. அட்டாமிக் ஆடினோம்.

ஆனால் 960-ஐயும் அட்டாமிக்கையும் மட்டும் நிறுத்திக் கேட்டிருந்தால் 14-க்கு 7 என்று 960. கிரேஸிஹவுஸோடு நிறுத்தினால் 13-க்கு 8 என்று 960. யாரோடு மோதினாலும் ஜெயிக்கும் ஆட்டத்தை நான் முதல் சுற்றிலேயே வெளியே அனுப்பிவிட்டேன். கிரேஸிஹவுஸ் அணியில் ஒரு சின்னப் பெண், ஆறாம் வகுப்பு. அவளுக்கு அட்டாமிக் கண்டால் ஆகாது. ராஜா வெடித்துப் போவதைப் பார்க்கப் பிடிக்காது. தாளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நாங்க ரெண்டு பேரு 960-ஐ முதல்ல எழுதியிருந்தா அட்டாமிக் வந்திருக்காதுல்ல சார்?" என்று கேட்டாள். எண்ணிப் பார்த்தேன். 6, 8, 7 ஆகியிருக்கும். கிரேஸிஹவுஸ் வெளியேறி 960 ஜெயித்திருக்கும். அவள் சொன்னது சரி.

இது எனக்கு முந்தைய பழுதைவிட மோசமாகப் பட்டது. போர்டாவில் எதிரியைக் கீழே தள்ளினால் போதும். இங்கே ஒரு குழந்தை தனக்கு மிகவும் பிடித்ததையே கீழே தள்ள வேண்டியிருக்கிறது. பிடித்தது என்ன என்று கேட்டுவிட்டு, அதை எழுதியதற்குத் தண்டிப்பதுபோல.

மூன்றாவது முறைக்கான யோசனை எங்கள் சுவரிலேயே இருந்தது: லீக் அட்டவணை. எல்லாரும் எல்லாரோடும் ஆடும் அதே அட்டவணை. ஆட்டங்களையே ஒன்றோடொன்று மோதவிட்டால் என்ன? ஐந்து ஆட்டத்துக்குப் பத்து மோதல். ஒவ்வொரு மோதலிலும் எத்தனை சீட்டில் எது மேலே இருக்கிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். எல்லாரையும் வெல்லும் ஆட்டம் இருந்தால் அதுதான். 1785-ல் கோந்தோர்சே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியது இதைத்தான். எங்கள் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தேவைப்படவில்லை. அட்டவணையைக் காட்டியதுமே புரிந்துகொண்டார்கள்.

இதற்குக் கணினியில் ஒரு விரிதாள் செய்தேன். ஒரு சீட்டுக்கு ஒரு வரிசை, ஒரு ஆட்டத்துக்கு ஒரு நெடுவரிசை, கட்டத்தில் அந்தச் சீட்டில் அந்த ஆட்டத்துக்கு உள்ள இடம். ஒரு நெடுவரிசையின் எண் மற்றதைவிடச் சிறியதாக உள்ள வரிசைகள் எத்தனை என்று சம்ப்ராடக்ட் சூத்திரம் எண்ணித் தரும். சோதனையாகப் பழைய சீட்டுகளைப் போட்டேன். ஒரு கட்டில் ஹோர்ட் எல்லாரையும் வெல்வதுபோல் வந்தது. மறுபடியும் ஹோர்டா என்று திடுக்கிட்டேன். தேடினால், சில சீட்டில் ஹோர்டை எழுதாமலே விட்டிருந்தார்கள். காலிக் கட்டத்தைச் சூத்திரம் 0 என்று எடுத்துக்கொள்கிறது; 0 என்றால் ஒன்றைவிடச் சிறியது; எழுதாத ஆட்டம் முதலிடத்துக்கும் மேலே போய்விட்டது. காலிக் கட்டங்களில் 9 போட்டதும் சரியானது. இதைச் செய்யப் போகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

இன்னொரு கோளாறு சீட்டிலேயே இருந்தது. ஆட்டத்துக்கு எதிரே எண் எழுதச் சொன்னால் இரண்டு மூன்று பேர் மிகப் பிடித்ததற்கு 5 போடுகிறார்கள். பரீட்சை மதிப்பெண் பழக்கம். இப்போது எண்ணே கிடையாது. ஐந்து கோடு போட்ட சீட்டு, மேலிருந்து கீழே பெயரை எழுத வேண்டும்.

பிறகு ஆகஸ்ட் சீட்டுகளைப் போட்டுப் பார்த்தேன். பொய்யான சீட்டுகள் என்ன செய்யும் என்பதை அங்கே கண்ணால் கண்டேன். 960 ஹோர்டை 13-8 என்று வெல்கிறது. ஹோர்ட் ஆன்டிசெஸை 17-4 என்று வெல்கிறது. ஆன்டிசெஸ் 960-ஐ 12-9 என்று வெல்கிறது. தன் வாலைத் தானே கடிக்கும் பாம்பு மாதிரி. ஜூன் மாத உண்மையான சீட்டில் இந்தச் சுழல் இல்லை, புதைத்ததால் உண்டானது. லீக் மாதிரி வெற்றிகளை எண்ணினால் 960-க்கும் ஆன்டிசெஸுக்கும் மூன்று மூன்று. செஸ் போட்டியில் சமன் முறிக்க நேருக்கு நேர் மோதியதைப் பார்ப்போமே, அப்படிப் பார்த்தால் ஆன்டிசெஸ். நான்கு பேர் மட்டும் முதலில் வைத்த ஆட்டம். எனக்கு அது ஒப்பவில்லை. ஆகவே வேறு விதி வைத்தேன்: ஒவ்வொரு ஆட்டமும் சந்தித்த மிக மோசமான தோல்வியைப் பார்க்க வேண்டும், அந்தத் தோல்வி யாருக்கு மிகச் சின்னதோ அதுவே வெற்றி. 960-இன் மோசமான தோல்வி மூன்று வாக்கு வித்தியாசம். ஹோர்டுக்கு ஐந்து, ஆன்டிசெஸுக்குப் பதிமூன்று. 960. ஜூலைச் சீட்டிலும் 960. அக்டோபர் சீட்டிலும் 960.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. வடுவூர்ப் பிள்ளைகள் இரண்டு வாரம் வரவில்லை. அந்த இடைவெளியில் விரிதாளைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்தேன். "ஒளிச்சு வைக்கிறதுக்கு ஒண்ணும் இல்லடா. உங்களால முடிஞ்சா உடைச்சுக் காட்டுங்க" என்றேன். அந்தப் பத்தாம் வகுப்புப் பையனும் கூட்டாளிகளும் ராத்திரி வரை உட்கார்ந்தார்கள். ஜூன் கணக்கில் எட்டுப் பேர் எப்படி மாற்றி எழுதினாலும் கிரேஸிஹவுஸை ஜெயிக்கவைக்க முடியவில்லை. அக்டோபர் கணக்கில் கிரேஸிஹவுஸ் அணி 960-ஐப் புதைத்தால், அவர்களுக்கு ஆகவே ஆகாத அட்டாமிக் ஜெயிக்கிறது. அட்டாமிக் அணி புதைத்தால் கிரேஸிஹவுஸ் ஜெயிக்கிறது. யார் தோண்டினாலும் அவர்களே விழுகிறார்கள். பையன் சிரித்துவிட்டான்.

ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டாள். அடுத்த ஞாயிறு ஒரு நோட்டுத் தாளோடு வந்தாள். பத்துப் பேர்: அட்டாமிக், 960, கிரேஸிஹவுஸ். எட்டுப் பேர்: 960, அட்டாமிக், கிரேஸிஹவுஸ். மூன்று பேர்: கிரேஸிஹவுஸ், 960, அட்டாமிக். நேர்மையாக எண்ணினால் 960 அட்டாமிக்கை 11-10 என்று வென்று ஜெயிக்கும். அந்தப் பத்துப் பேர் 960-ஐக் கடைசிக்குத் தள்ளினால் கிரேஸிஹவுஸ் 960-ஐ 13-8 என்று வெல்லும்; சுழல் வரும்; மிகச் சின்னத் தோல்வி அட்டாமிக்கினுடையது, ஒரே ஒரு வாக்கு. அட்டாமிக் ஜெயித்துவிடும். இரண்டு முறை சரிபார்த்தேன். அவள் கணக்கில் பிசகில்லை. அந்தத் தாளைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

இதற்கு மேல் எந்தச் சூத்திரமும் முழுதாகக் காப்பாற்றாது என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். 1973-ல் ஆலன் கிப்பர்டும் 1975-ல் மார்க் சாட்டர்த்வெய்ட்டும் தனித்தனியே காட்டியது: மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஆட்டங்கள் இருந்து, எதுவும் ஜெயிக்க வாய்ப்பிருந்து, ஒரே ஆள் சொன்னபடி முடிவாகாமல், குலுக்கலும் இல்லாமல் இருந்தால், வளைத்து எழுதி லாபம் பார்க்கும் சந்தர்ப்பம் எந்த முறையிலும் எங்காவது இருந்தே தீரும். அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். தான் தேடியதைப் பெரிய ஆட்கள் தேடியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

'குலுக்கலும் இல்லாமல்' என்ற அந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. சோழ நாட்டுக்காரனுக்குக் குலுக்கலை யாராவது சொல்லித்தர வேண்டுமா? உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதலாம் பராந்தக சோழன் காலம், பத்தாம் நூற்றாண்டு. ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்க, தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35-க்கு மேல் 70-க்குள் என்று தகுதிகள். அதில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு விதி: கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயரை ஓலையில் எழுதக்கூடாது.

டிசம்பரிலிருந்து இரண்டையும் எடுத்துக்கொண்டோம். ஜெயித்த ஆட்டம் அடுத்த இரண்டு மாதம் பட்டியலில் இருக்காது. பொய் எழுதும் அவசரத்தை இது குறைத்த அளவு வேறெதுவும் குறைக்கவில்லை. இந்த மாதம் வராவிட்டால் அடுத்த மாதம் எதிரி ஆட்டம் களத்திலேயே இருக்காது. அதைப் புதைத்து என்ன பயன்? பெரியவர் சொன்ன முறைத் தண்ணீர்தான். பட்டியல் போடும்போதே காய் கணக்கும் பார்க்கிறேன். 14 செட்டில் ஆட முடியாததைச் சீட்டில் ஏற்றுவதில்லை. ஹோர்ட் மட்டும் இருக்கட்டும் என்றார்கள், கொட்டை தயாராக இருப்பதால்.

ஆண்டுக்கு இரண்டு தடவை குடவோலை. அன்றைக்கு வரிசை கிடையாது. ஆளுக்கு ஒரு சீட்டு, ஒரே ஒரு ஆட்டம். பட்டியலில் இல்லாததையும் எழுதலாம். பித்தளைக் குடத்தில் போட்டுக் கூட்டத்திலேயே சின்னப் பிள்ளை எடுக்கும். எந்தச் சீட்டு வருகிறதோ அதில் உள்ள ஆட்டம். என் சீட்டு வந்தால் நான் எழுதியது நடக்கும். வராவிட்டால் நான் எழுதியதற்கு மதிப்பே இல்லை. ஆகவே பிடித்ததைத் தவிர வேறு எதை எழுதினாலும் நஷ்டம் எனக்குத்தான். வளைக்கவே முடியாத முறை. மாதா மாதம் இதையே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டார்கள். ஒற்றை ஆள் விருப்பம் மொத்தப் பேரின் ஞாயிற்றுக்கிழமையைத் தீர்மானிப்பதால், ஆண்டுக்கு இரண்டு போதும் என்பது என் எண்ணம்.

பொங்கல் கழிந்து, ஜனவரிக் கடைசி ஞாயிறன்று எங்களுடைய முதல் குடவோலை. அந்த ஆறாம் வகுப்புப் பெண்ணின் தம்பி, இரண்டாம் வகுப்பு, கையை முழங்கை வரை விட்டுத் துழாவி ஒரு சீட்டை எடுத்தான். படிக்கத் தெரிந்தும் வெட்கப்பட்டு என்னிடம் நீட்டினான். 'எங்க ஊர் ஆட்டம்' என்று எழுதியிருந்தது. கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. கடைமடைப் பெரியவர் எழுந்து வந்தார். சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான், ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி தாண்டலாம், அதுவும் செக் வாங்குவதற்கு முன்னால் மட்டும் என்று பலகை பலகையாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். தாத்தா தாத்தா என்று ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். சாயங்காலம் ஆறரைக்குத்தான் காய்களை எடுத்து வைத்தோம். இனி எங்களிடம் மொத்தம் ஆறு ஆட்டம். எல்லாம் பட்டியலில் இருந்தால் மோதல் பதினைந்து. விரிதாளில் ஒரு நெடுவரிசை சேர்க்க வேண்டும்.